அகரம் நிலையத்து அப்சர்வர்

786
அகரம்,
14-10-1957

அன்புத் தம்பி ஜெகபர் அலிக்கு அக்கா ஜெய்தூன் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நம் காட்டில் நீ கருவி வைக்கப் போட்ட குடில் சுகம். உன் காந்தமும் சுகம். பம்பாயில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். மூன்று கடிதத்துக்கு ஒரு பதில் போடுகிறவனிடம் நலம் விசாரித்து என்ன ஆகப்போகிறது?

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் குடிலில் களவு போயிற்று. நீ சுருட்டி வைத்துவிட்டுப் போன செம்புக் கம்பியையும் இரண்டு பாட்டரிகளையும் எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். அல்லாஹ் காப்பாற்றினான், கருவியில் கை வைக்கவில்லை. மரத் தாழ்ப்பாளை நம்பி இனிமேல் விட முடியாது. முப்பது அடிக்குள் குண்டூசி கூட இருக்கக்கூடாது என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதனால் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிப் போய், பூட்டுப் பட்டறை ஒச்சப்பனிடம் பித்தளைப் பூட்டு ஒன்று சொல்லிச் செய்து வாங்கி வந்தேன். "இரும்பு துளியும் ஆகாது" என்று இரண்டு தடவை சொன்னேன். தலையை ஆட்டினார். செப்டம்பர் இருபத்தைந்தில் இருந்து அதுதான் தொங்குகிறது.

மற்றபடி வேலையில் ஒரு குறையும் இல்லை. பஜ்ரு தொழுதுவிட்டுக் கொண்டையூசியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன். ஆறு மணிக்குச் சிவப்பு விளக்கில் உருளையிலிருந்து நேற்றைய தாளை எடுத்துப் புதுத் தாளைச் சுற்றுகிறேன். பழைய தாளை மருந்துத் தண்ணீரில் கழுவிக் காயப்போடுகிறேன். நேரம், காற்று, மழை எல்லாம் நோட்டில் எழுதுகிறேன். ஜூலை முதல் தேதியிலிருந்து ஒரு நாள் தவறவில்லை.

ஊர்தான் சும்மா இருக்கவில்லை. அடுத்த காட்டுப் பேச்சாயி நேராகவே கேட்டுவிட்டாள்: "ஏந்தாயி, புருசன் போன பொம்பள இருட்டுக் குடிசையில செவப்பு வெளக்க வச்சுக்கிட்டு என்னத்தச் செய்யுற? செய்வினையா?" ருஷ்யாக்காரன் ஏதோ சந்திரன் விட்டானாமே, அது இந்தக் குடிலுக்குள் இறங்குமா என்று வேறு கேட்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனாலும் பதில் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. தாளில் விழுகிற அந்தக் கோடு எதைக் காட்டுகிறது என்று இன்னொரு தடவை, எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நான் முட்டாள் இல்லை. நீ வேகமாகப் பேசுகிறவன்.

அக்கா
ஜெய்தூன் பீவி


பம்பாய்,
30-10-1957

அன்புள்ள அக்காவுக்கு, ஸலாம்.

திட்டு கிடைத்தது. பூட்டு விஷயம் நல்ல யோசனை. பித்தளையைக் காந்தம் திரும்பியும் பார்க்காது.

பேச்சாயி அக்காவிடம் இப்படிச் சொல்லுங்கள். பனிக்கட்டியைச் சுட வைத்தால் தண்ணீர். தண்ணீரைச் சுட வைத்தால் ஆவி. ஆவியோடு நின்றுவிடுவதில்லை. இன்னும் சூடாக்கினாலோ, சூரியனின் கடுமையான கதிர் பட்டாலோ, வாயுவின் அணுக்களே உடைந்து மின்சாரத் துகள்களாகப் பிரிந்து அலைய ஆரம்பிக்கின்றன. அந்த நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். சூரியன் முழுக்க அதுதான். நட்சத்திரங்களும் அதுதான். நம் தலைக்கு மேலே அறுபது எழுபது மைல் உயரத்திலும் பகல் வெயிலில் காற்று அப்படித்தான் உடைந்து கிடக்கிறது.

அந்த உயரத்தில், பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி ஒரு மின்சார ஓட்டம் ஓடுகிறது. அந்தக் கோடு நம் தென்கோடி வழியாகத்தான் போகிறது. உச்சி வெயிலில் ஓட்டம் பலமாக இருக்கும், பொழுது சாய்ந்தால் அடங்கிவிடும். அகரத்தில் நீங்கள் நாற்று நடுகிற பெண்களுக்குக் கஞ்சி கொண்டுபோகிற நேரத்தில், உங்கள் தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான ஆம்பியர் போய்க்கொண்டிருக்கிறது.

அங்கே போய்ப் பார்க்க வழியில்லை. பலூன் இருபது மைலுக்கு மேல் ஏறாது. ராக்கெட் விடுகிற தேசங்கள் இரண்டோ மூன்றோதான். கோடைக்கானல் மலையில் வானொலி அலையை மேலே அனுப்பி, எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். நாம் பார்ப்பது வேறு வழி. மின்சாரம் ஓடினால் காந்தம் அசையும். அந்தக் கண்ணாடி ஒட்டிய சின்னக் காந்தம் மயிரிழை திரும்பினாலும், வெளிச்சப் புள்ளி தாளில் நகர்ந்து கோடு வளையும். அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று வாசனையை வைத்துச் சொல்வதில்லையா? அந்தக் கதைதான்.

இது சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு. உலகம் முழுக்க இந்த நேரத்தில் இப்படித் தாள் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அகரத்துத் தாள்களை வைத்துத்தான் என் டாக்டர் பட்டம். விட்டுவிடாதீர்கள்.

தம்பி
ஜெகபர் அலி


786
அகரம்,
27-1-1958

தம்பிக்கு,

ஸலாம். இந்த வாரத் தாள்களைப் பிரிக்கும்போது உட்கார்ந்துகொள். செவ்வாய்க்கிழமைத் தாளில் பகல் பன்னிரண்டே காலுக்குக் கோடு முள் குத்தின மாதிரி ஒரு குதி குதித்துவிட்டு அரை மணியில் அடங்கியிருக்கிறது. வியாழக்கிழமை காலையில் திடீரென்று மேலே ஏறி, பிறகு கீழே விழுந்து, விழுந்தது விழுந்தபடியே இரண்டு நாள் ஆடியிருக்கிறது. தாளைக் கழுவும்போது அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து சூரியனைப் பார்த்தேன். அது பாட்டுக்குக் காய்கிறது, ஒன்றும் தெரியாத மாதிரி.

நான் நினைப்பது சரியா? செவ்வாய்க்கிழமை சூரியனில் ஏதோ வெடித்து, அந்த வெளிச்சம் உடனே வந்திருக்கிறது. அது வீசியெறிந்த பிளாஸ்மா மட்டும் நடந்து வந்து வியாழக்கிழமை சேர்ந்திருக்கிறது. இரண்டு நாள் பயணம். சரியா தப்பா என்று உடனே எழுது.

ஜெய்தூன் பீவி


பம்பாய்,
20-2-1958

அக்காவுக்கு,

நீங்கள் நினைத்தது சரிதான். ஆனால் அதைப் பற்றிப் பேச இப்போது முடியாது.

எங்கள் ஆராய்ச்சி நிலையத் தலைவர் அகரத்துத் தாள்களை எல்லாம் வரிசையாக மேஜையில் பரப்பினார். செப்டம்பர் கடைசிவரை சரியாக இருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கோட்டின் அடிமட்டம் மாறுகிறது. சில நாள் மேலே, சில நாள் கீழே. நீங்கள் தாள் மாற்றிவிட்டு வெளியே போகிற அந்த நேரத்தில்தான் மாறுகிறது. மற்ற மாணவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு சூரியப் புயலைப் பற்றி எழுதப்போகிறீரா?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

உள்ளே போகும்போது உங்களிடம் இரும்பு இருந்திருக்க வேண்டும். ஊக்கோ, சாவிக்கொத்தோ, அரிவாளோ. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? காட்டு வேலைக்கு நடுவே ஓடி வந்து அவசரத்தில் செய்கிற வேலையில்லை அக்கா இது. ஐந்து மாதத் தாள்கள் வீண். என் இரண்டு வருடம் வீண்.

ஏப்ரல் பத்தாம் தேதி லாரி வந்து கருவியை ஏற்றிக்கொண்டு போகும். உத்தரவின் நகல் இத்துடன் இருக்கிறது. குடிலைப் பிரித்துவிடலாம்.

ஜெகபர் அலி


786
அகரம்,
26-2-1958

ஜெகபர் அலிக்கு,

உன் உத்தரவு இங்கிலீஷில் இருந்தது. எனக்குப் புரியாது என்று தைரியமாக வைத்துவிட்டாய் போலிருக்கிறது. எட்டாம் வகுப்பு இங்கிலீஷுக்கு உன் பெயரை எழுத்துக்கூட்டத் தெரியும். "அப்சர்வர்" என்று, அதாவது கருவியைக் கவனித்துக் குறிப்பெடுக்கிறவர் என்று, இருக்கிற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. பள்ளிக்கூடத்து அருளப்பன் சாரிடம் கொண்டுபோய் முழுவதையும் வாசிக்கச் சொன்னேன். பாவம், ஒரு வரியை முழுங்கப் பார்த்தார். "சார், இருக்கிறத அப்படியே சொல்லுங்க" என்றேன். "அப்சர்வர் வைத்திருந்த படிப்பில்லாத வேலைக்காரப் பெண்ணின் கவனக்குறைவால்" என்று வாசித்தார்.

ஜூலையிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அந்தக் குடிலுக்குள் போகிறவள் நான். வெளிநாட்டுக்குப் போகிற காகிதத்தில் பெயர் உன்னுடையது. கோடு கெட்டுப்போனதும் நான் வந்துவிட்டேன், அதுவும் வேலைக்காரியாக. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நீ இரண்டையும் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாய். எனக்கு வயிறு எரிகிறது. எழுதாமல் மறைக்க எனக்குத் தெரியாது.

கேட்டுக்கொள். என் உடம்பில் இரும்பு இல்லை. ஊக்குப் பழக்கமே விட்டுவிட்டேன். முந்தானையில் சாவி முடிவதில்லை. உனக்கு வேண்டுமானால் குர்ஆன் மேல் கை வைத்துச் சொல்கிறேன். கோடு மாறுகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இந்த நிலத்தில்தான் இருக்கிறது. நான் கண்டுபிடிக்கிறேன். ஏப்ரல் பத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. திசைகாட்டி ஒன்று அனுப்பு. அதற்கு மேல் உன்னிடம் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

ஜெய்தூன் பீவி


பம்பாய்,
5-3-1958

அக்கா,

திசைகாட்டி பார்சலில் வருகிறது. அந்த வரியை எழுதியது நான் இல்லை, தலைவர். ஆனால் அவர் கேட்டபோது அப்படிச் சொன்னவன் நான்தான். அப்சர்வர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் அடிக்கடி அகரத்துக்கு வந்து நானே பார்த்துக்கொள்வதாகப் படிவத்தில் எழுதினேன். உங்கள் பெயரைப் போட்டிருந்தால் அகரத்துக்குக் கருவியே வந்திருக்காது. நிலையம் வர வேண்டும் என்றுதான் செய்தேன்.

தேடுங்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஜெகபர்


786
அகரம்,
1-4-1958

தம்பிக்கு,

கிடைத்துவிட்டது.

முதலில் குடிலைச் சுற்றி ஒவ்வொரு அடியாகத் திசைகாட்டியோடு நடந்தேன். வெயில் வேறு, அலைச்சல் வேறு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேச்சாயி வண்டிச் சக்கரத்துப் பட்டை, கிணற்று உருளை, புதைந்து கிடந்த கலப்பைக் கொழுமுனை எல்லாம் பார்த்தேன். எல்லாம் முப்பது அடிக்கு வெளியே. கதவைத் தடவித் தடவி ஆணி தேடினேன், எல்லாம் மர ஆப்புத்தான். பன்னிரண்டு நாள் இப்படியே போயிற்று. அழுகை வந்தது. அழுதுவிட்டு மறுபடி தேடினேன்.

பத்து நாளைக்கு முன்னால், சனிக்கிழமை, தாள் மாற்றிவிட்டு, திசைகாட்டியைக் கதவோரத்துக் கல்லில் வைத்துவிட்டுப் பூட்டை எடுத்தேன். முள் தலையைத் திருப்பிப் பூட்டைப் பார்த்தது. பூட்டை மாற்றிப் பிடித்தேன். முள் எதிர்ப்பக்கம் திரும்பியது. பித்தளைப் பூட்டு!

அப்படியே பஸ் ஏறி ஒச்சப்பன் பட்டறைக்குப் போனேன். பூட்டை மேஜையில் போட்டேன்.

"அண்ணே, இதுக்குள்ள என்ன வச்சிருக்கீக?"

மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை. "வளையத்துக்குள்ள உருக்குக் கம்பி வச்சு மேல பித்தளைய ஊத்தியிருக்கேன். நாக்கும் வில்லும் உருக்குத்தான். வெறும் பித்தளையில வளையம் போட்டா களவாணிப்பய வெத்தல போடுற நேரத்துல அறுத்துட்டுப் போயிருவான்லம்மா."

"இரும்பு துளியும் ஆகாதுன்னு ரெண்டு தடவ சொன்னேனே!"

"நீ கேட்டது பித்தள. நான் கொடுத்தது பூட்டு. திண்டுக்கல் பூட்டுன்னு அம்புட்டுப் பேரு கெடக்கு, அறுபடுற பூட்டக் கொடுக்க எனக்கு மனசு வருமா?"

அங்கேயே உட்கார்ந்துகொண்டு எல்லாம் சொன்னேன். சூரியன், வானத்து மின்சாரம், காந்தம், ஏப்ரல் பத்து. கேட்கக் கேட்க அவர் முகம் வாடிவிட்டது. "தெரியாமப் பண்ணிட்டேன் தாயி" என்றார். முழுக்கப் பித்தளையில், உள் நாக்கு முதல் கொண்டு, இரண்டே நாளில் செய்து கொடுத்தார். ஆனால் வழக்கமாக வெட்டுகிற தன் பெயரை அதில் வெட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். "இது நல்ல பூட்டு இல்ல. நான் நம்பாத சாமானுல எம்பேரப் போட மாட்டேன்" என்றார். உன்னை நினைத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் முக்கியம். கோடு சில நாள் மேலே, சில நாள் கீழே என்றாய். ஏன் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மழை தூறினாலும், புழுதிக் காற்று அடித்தாலும் சாவித் துவாரத்தைக் கதவுப் பக்கம் திருப்பிப் பூட்டுவேன், உள்ளே ஈரமும் மண்ணும் போகாமல் இருக்க. மற்ற நாளில் துவாரம் வெளியே பார்க்கும். உள்ளே இருக்கிற உருக்கே காந்தமாகிவிட்டிருக்கிறது, பூட்டைத் திருப்பினால் அதன் முனையும் திரும்பிவிடும். மழையும் காற்றும் எந்தெந்த நாள் என்று நோட்டில் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். பழைய பூட்டைப் போட்டு நான்கு நாள், போடாமல் நான்கு நாள், துவாரம் உள்ளே இரண்டு, வெளியே இரண்டு என்று மாற்றி மாற்றி எடுத்த தாள்களை அனுப்பியிருக்கிறேன். துவாரம் வெளியே என்றால் பூட்டு எவ்வளவு இழுக்கிறது, உள்ளே என்றால் எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்துகொள். பிறகு நோட்டைப் பார்த்து ஒவ்வொரு நாளுக்கும் அதைக் கழித்துவிடு. கோடு நேராகிறதா இல்லையா பார்.

ஜெய்தூன் பீவி


பம்பாய்,
7-4-1958

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று நாளாகச் சாப்பாடு தூக்கம் இல்லாமல் கணக்குப் போட்டேன். நேராகிவிட்டது! செப்டம்பர் இருபத்தைந்திலிருந்து அத்தனை தாளும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டது. உங்கள் மழை நாள் ஒன்று கூடத் தப்பவில்லை. ஜனவரிப் புயலை இப்போது மணிக்கணக்கில் அளக்க முடிகிறது. சூரியனிலிருந்து அந்தப் பிளாஸ்மா எந்த வேகத்தில் வந்தது என்று நானே கணக்கிட்டேன். விநாடிக்கு ஐந்நூறு மைலுக்கு மேல். அதைத் தலைவரிடம் காட்டியபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். லாரி வராது. நிலையம் வருடக் கடைசி வரை இருக்கும்.

பூட்டைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நான் சோதனை செய்யச் சொன்னேன் என்றேன். பாராட்டினார். அக்கா, என் மேல் கோபப்படாதீர்கள். பட்டத்துக்கான ஆய்வு டிசம்பரில் போகிறது. இப்போது போய் அப்சர்வர் நான் இல்லை என்றால், பொய்ப் படிவம் கொடுத்தவன் என்று ஆகிவிடும். டிசம்பர் வரை என் பெயரே இருக்கட்டும். பிறகு எல்லாவற்றையும் சரி செய்கிறேன். உங்களுக்கு அந்த இங்கிலீஷ் காகிதத்தில் பெயர் வந்தால்தான் என்ன, வராவிட்டால்தான் என்ன?

தம்பி
ஜெகபர் அலி


786
அகரம்,
13-4-1958

ஜெகபர் அலிக்கு,

நிலையம் தப்பியது கேட்டு ஸஜ்தாவில் விழுந்தேன். அது வேறு. இது வேறு.

வந்தால்தான் என்ன என்று கேட்கிறாய். அப்படியென்றால் நீ எடுத்துவிடு, உனக்குத்தான் என்ன? நான் தப்புச் செய்தேன் என்றபோது தலைவரிடம் என்னைக் காட்டத் தெரிந்தது. நான் சரி செய்தேன் என்றபோது என்னைக் காணவில்லை. டிசம்பரில் உன் பட்டம் வந்த பிறகு உனக்கு இன்னும் பெரிய பயம் வரும். அப்போதும் சொல்ல மாட்டாய். உன்னைத் தூக்கி வளர்த்தவள், எனக்குத் தெரியும்.

தாள் மாற்றுவதை நிறுத்த மாட்டேன். அது சூரியனுக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு. தினமும் மாற்றுவேன், கழுவுவேன், நோட்டில் எழுதுவேன். ஆனால் இன்றிலிருந்து எதுவும் பம்பாய்க்கு வராது. எல்லாம் என் பெட்டியில் இருக்கும். எந்தக் காகிதமெல்லாம் எந்தெந்தத் தேசத்துக்குப் போனதோ, அத்தனையிலும் என் பெயர் வந்த பிறகு அனுப்புகிறேன். லாரி அனுப்புவாயோ போலீஸ் அனுப்புவாயோ, அனுப்பு.

ஜெய்தூன் பீவி


பம்பாய்,
19-6-1958

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. பெருநாளைக்குக் கூட எழுதவில்லை. முதல் மாதம் உங்கள் மேல் கோபம். இரண்டாவது மாதம் வெட்கம்.

போன திங்கட்கிழமை தலைவர் ஏப்ரல், மே மாதத் தாள்கள் எங்கே என்று கேட்டார். தபால் தாமதம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்: "அகரத்தில் அப்சர்வர் நான் இல்லை. ஆரம்பத்திலிருந்தே இல்லை. என் அக்கா. எட்டாவது படித்தவர். பூட்டைக் கண்டுபிடித்ததும், மழை நோட்டை வைத்துத் திருத்தச் சொன்னதும் அவர்தான். படிவத்தில் நான் எழுதியது பொய்."

அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, "உம்முடைய ஆய்வு இந்த டிசம்பரில் போகாது. அடுத்த வருடம் பார்க்கலாம். பொய்க்கு அது" என்றார். சரி என்றேன். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்து, பட்டதாரி என்ற இடத்தின் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருத்தக் கடிதங்களை என்னையே டைப் அடிக்கச் சொன்னார். மாஸ்கோ, வாஷிங்டன், கோபன்ஹேகன், இன்னும் நான்கு ஊர். ஏழு தடவை உங்கள் பெயரை அடித்தேன். நகல்கள் இத்துடன் இருக்கின்றன. அருளப்பன் சாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இந்தத் தடவை அவர் எதையும் முழுங்க வேண்டியதில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. தாள்களை அனுப்புங்கள், எனக்காக இல்லை.

ஜெகபர் அலி


786
அகரம்,
25-6-1958

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். எழுபத்து மூன்று தாள்களும் நோட்டின் நகலும் இன்று ரெஜிஸ்டர் பார்சலில் போட்டாயிற்று. மே மாதக் கடைசியில் ஒரு சின்னப் புயல் இருக்கிறது, அதைத் தனியாகக் கட்டியிருக்கிறேன்.

நகல்களை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஏழிலும் வாசித்தேன். பிறகு பேச்சாயியைக் கூப்பிட்டு வைத்துச் சத்தமாக வாசித்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, நான் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

ஒரு வருடம் தள்ளிப்போனதற்கு வருத்தப்படாதே. சூரியன் எங்கும் போகாது, நானும் போக மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

ஜெய்தூன் பீவி
அப்சர்வர், அகரம் நிலையம்